வயிறு கட்டிய துணியும் வயிற்றுத் தசையும்: வற்றாப்பளையில் பேற்றுக்குப் பிந்திய பராமரிப்பின் வரலாறு

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றுப் பிரிவில், நந்திக்கடல் நீரேரியை அண்டி அமைந்துள்ள வற்றாப்பளையின் வரலாறு பெரும்பாலும் இரண்டு நிகழ்வுகளை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஒன்று, கடல்நீரில் விளக்கெரித்து வைகாசியில் பொங்கல் பொங்கும் கண்ணகி அம்மன் ஆலயத்தின் தொன்மை. மற்றையது, 2009 மே மாதத்தில் அதே நீரேரியின் கரையில் முடிவடைந்த போர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில் அந்த ஊரின் பெண்கள் எங்கே பிள்ளை பெற்றார்கள், பெற்ற பின் அவர்களது உடலை யார் பார்த்தார்கள், தளர்ந்த வயிறு எவ்வாறு மீண்டது அல்லது மீளாமலே போனது என்பன ஏடுகளில் ஏறவில்லை. வன்னியின் நிர்வாகத்தையும் மக்களையும் நோய்களையும் விரிவாகத் தொகுத்து 1895இல் கொழும்பில் நூலாக வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் போன்ற அதிகாரிகளின் கண்ணில் குளங்களும் காய்ச்சலும் பரங்கி நோயும் பட்ட அளவுக்குப் பேறுகால அறையின் உட்புறம் படவில்லை. ஆண் அதிகாரி நுழைய இயலாத அறை அது. ஆகவே இப்பொருளின் வரலாற்றை வழக்கங்களிலிருந்தும், வடபகுதியின் மருத்துவ நிறுவனங்களின் போக்கிலிருந்தும், உலகில் பிறவிடங்களில் வளர்ந்த இயன்மருத்துவத்தின் போக்கிலிருந்தும் சேர்த்தே கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது.

உடலமைப்பை முதலில் விளக்கிக்கொள்வது நன்று. மார்பெலும்பின் கீழ்முனையிலிருந்து இடுப்பெலும்பின் முன்பகுதி வரை, வயிற்றின் இரு பக்கமும் நேராக இறங்கும் இரண்டு பட்டையான தசைகள் நேர்வயிற்றுத் தசைகள் எனப்படும். இவ்விரண்டையும் நடுவில் இணைப்பது, தசையற்ற, வெண்ணிறமான, உறுதியான நார்ப்பட்டை ஒன்றாகும். உடற்கூற்று நூல்கள் இதனை வெண்கோடு என்கின்றன. கருப்பை வளர வளர இப்பட்டை அகலத்தில் விரிந்து மெலிகிறது. கர்ப்பகாலச் சுரப்புகள் இணைப்பு இழையங்களைத் தளர்த்துவதும் இதற்குத் துணைசெய்கிறது. இவ்வாறு இரு தசைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்பதே வயிற்றுத் தசைப் பிரிவு ஆகும். கருப்பை வளர இடம் தரும் இவ்விலகல் இயல்பானது, நோயன்று. பேற்றின் பின் பெரும்பாலான தாய்மாரில் இடைவெளி தானாகவே குறைகிறது. சிலரில் குறையாமல் நிற்கிறது. அவர்கள் மல்லாந்து படுத்திருந்து எழும்போது கொப்பூழின் மேலும் கீழுமாக வயிற்றின் நடுவில் ஒரு முகடு போலப் புடைப்பு எழுவதைக் காணலாம். வயிற்றை உள்ளிருந்து தாங்கும் ஆற்றல் குறைவதால், பாரம் தூக்கும்போதும் குனிந்து நிமிரும்போதும் உடல் முன்போல் ஒத்துழைப்பதில்லை. வன்னியின் முதிய பெண்கள் "வயிறு சரிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகும் அந்த நிலையில் இப்பிரிவுக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த நிலையைத் தமிழரின் பேறுகால வழக்கம் அறியாமல் இருக்கவில்லை என்பதற்கு வயிறு கட்டும் முறையே சான்று. வடபகுதியில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு 31 நாள் துடக்கு உண்டு. அக்காலத்தில் தாய் கோயிலுக்குப் போவதில்லை, அடுப்படியிலும் கிணற்றடியிலும் வேலை செய்வதில்லை, 31ஆம் நாள் துடக்குக் கழித்த பின்னரே வீட்டின் வழமையான ஓட்டத்தில் மீண்டும் சேர்கிறாள். வற்றாப்பளை போன்று ஊரின் ஆண்டுக் கணக்கே அம்மன் பொங்கலைச் சுற்றி அமைந்த இடத்தில் இந்த விலக்கு கண்டிப்பாகவே பேணப்பட்டிருக்கும். தீட்டு என்ற கருத்தில் பெண்ணை இழிவுபடுத்தும் கூறு உண்டென்பதை மறுக்க இயலாது; அதே விலக்குத்தான், குடத்தை இடுப்பில் வைத்து நீர் சுமக்கவும் வயலில் களை பிடுங்கவும் விறகு கட்டித் தூக்கவும் கடமைப்பட்டிருந்த உழைக்கும் பெண்ணுக்குச் சட்டமோ கூலியோ தராத ஒரு மாத ஓய்வை உறுதிசெய்தது. விரிந்த வெண்கோடு விரைவாகச் சுருங்குவது பேற்றுக்குப் பிந்திய முதற் சில வாரங்களிலேயே என்பதை இன்று அறிந்திருக்கும் நிலையில், பாரம் தூக்காத அந்த ஒரு மாதத்தின் உடலியற் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடலாகாது.

அம்மாதத்தின் பராமரிப்பை நடத்தியவள் மருத்துவிச்சி. பிள்ளையை ஏந்துவதோடு அவளது வேலை முடிந்துவிடவில்லை. ஆமணக்கு, நொச்சி, பாவட்டை, வேம்பு ஆகியவற்றின் இலைகளை அவித்த நீரால் தாயைக் குளிப்பாட்டும் வேது, இடுப்பிலும் அடிவயிற்றிலும் சூடு படும்படி நீர் வார்த்தல், எண்ணெய் தடவி உருவுதல், பின்னர் பழைய பருத்திச் சேலையையோ வேட்டியையோ மடித்து அடிவயிற்றிலிருந்து மேல்நோக்கி இறுக்கிச் சுற்றும் வயிற்றுக் கட்டு எனத் தொடர்ந்து நாட்கணக்கில் நீண்ட வேலை அது. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு முதலியவற்றை அரைத்து வைக்கும் சரக்குக் கறியும், கடலும் நீரேரியும் தந்த பத்திய மீனும் சோற்றோடு சேர்ந்தன. வயிறு கட்டாவிட்டால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் காரணம் சொன்னார்கள். காரணம் பிழையாக இருந்தாலும், தளர்ந்த வயிற்றுச் சுவருக்கு வெளியிலிருந்து ஒரு தாங்குதல் தேவை என்ற அவதானிப்பு பிழையன்று. மலாய் மக்கள் நீண்ட துணியால் வயிற்றைச் சுற்றிக் கட்டுவதும், யப்பானியர் பருத்தித் துணி சுற்றுவதும், மெக்சிக்கோப் பெண்கள் இடுப்புப் பட்டி அணிவதும், ஒன்றோடொன்று தொடர்பற்ற சமூகங்கள் ஒரே தேவையைக் கண்டுகொண்டன என்பதைக் காட்டுகின்றன.

வழக்கத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தாய்க்குக் குடிக்கும் நீரைக் குறைத்தும் காய்கறியை விலக்கியும் கொடுத்த பத்தியம் மலச்சிக்கலுக்கு வழிவகுத்தது. மலம் கழிக்க முக்கும்போது எழும் உள்ளழுத்தம், துணி வெளியிலிருந்து தாங்க முயன்ற அதே நடுப்பட்டையையும், அதன் கீழே இடுப்புக் குழியின் தளமாக அமைந்து சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் ஏந்தும் தசைகளையும் உந்தித் தள்ளியது. மிகையாக இறுக்கிய கட்டும் அவ்வாறே அழுத்தத்தைக் கீழ்நோக்கித் திருப்பக்கூடியது. இன்னொரு குறை சமூகத்துக்குரியது. மருத்துவிச்சிகளிற் பலர் சாதி அடுக்கில் ஒடுக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பேற்று நேரத்தில் அவர்களது கை தேவைப்பட்டது, பின்னர் அவர்களது அறிவை எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை. நல்லூர் அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் பரராசசேகரம் என்னும் மருத்துவ நூலில் கெர்ப்பரோக நிதானம் என ஒரு பகுதி உண்டு, ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அந்நூலை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பகுதி பகுதியாகப் பதிப்பித்தார். ஆயினும் மருந்தெழுதும் வைத்தியரின் நூல் மரபும், கையால் உருவித் துணியால் கட்டிய மருத்துவிச்சியின் செயல் மரபும் வெவ்வேறு திண்ணைகளிலேயே இருந்தன.

மேனாட்டு உடற்கூற்றியல் தமிழுக்கு வந்தது மானிப்பாய் வழியாக. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்து, மேனாட்டு நூல்களை மாணவரோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம் 1857இலும், கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வெளிவந்தன. வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளைத் தமிழில் படித்த மருத்துவர் தலைமுறை ஒன்று இவ்வாறு உருவானது. எனினும் அவர்கள் ஆண்கள். பேற்றறைக்குள் இக்கல்வி நுழைவதற்குப் பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை தேவைப்பட்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மேரி, மார்கரெட் லீச் சகோதரிகளின் முயற்சியால் 1898இல் இணுவிலில் திறக்கப்பட்ட மக்லியோட் மருத்துவமனை அத்தேவையை யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிறைவேற்றியது. கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879இலேயே தொடங்கியிருந்தது. வன்னியின் காட்டுப் பாதைகளுக்கு அப்பாலிருந்த வற்றாப்பளைக்கு இரண்டும் எட்டாத தொலைவு.

அக்காலத்து ஐரோப்பிய மருத்துவமும் இவ்விடயத்தில் வன்னியின் மருத்துவிச்சியைவிட அதிகம் முன்னேறியிருக்கவில்லை. பேற்றின் பின் தாய்மாரை வாரக்கணக்கில் படுக்கையில் வைத்திருப்பதும் வயிற்றை அகன்ற துணியால் கட்டுவதும் அங்கும் வழக்கம். கட்டு நன்மையா தீமையா என்று 19ஆம் நூற்றாண்டின் மகப்பேற்று மருத்துவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தனர். உடற்பயிற்சி நுழைந்தது லண்டனில். உருவுதல் சிகிச்சையைக் கண்ணியமான தொழிலாக நிலைநிறுத்த 1894இல் அங்கு தாதியர் நால்வர் அமைத்த சங்கமே இன்றைய பிரித்தானிய இயன்மருத்துவர் சங்கத்தின் மூலம். 1912இல் புனித தோமஸ் மருத்துவமனையின் மகப்பேற்று மருத்துவர் பெயார்பேர்ன், தாதியும் மருத்துவிச்சியும் உருவுதல் பயின்றவருமான மினி ராண்டெலை அழைத்து, படுக்கையில் கிடக்கும் தாய்மார் நடமாட்டத்துக்கு ஈடாகச் செய்யக்கூடிய பயிற்சிகளை வகுக்கச் சொன்னார். ராண்டெல் வகுத்தவையே பேற்றுக்குப் பிந்திய இயன்மருத்துவத்தின் தொடக்கம். மருத்துவிச்சியின் கையும் தாதியின் கல்வியும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருந்ததால்தான் இது இயன்றது என்பது கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இவ்விரண்டும் ஒருவரிடம் சேர வாய்ப்பளிக்கப்படவில்லை.

இலங்கையின் பாதை வேறாக அமைந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த ஒழுங்கு, பயிற்றப்பட்ட மருத்துவத் தாதியை ஊருக்குள் குடியமர்த்தி, வீடு வீடாகக் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யவும் பேற்றின் பின் சென்று பார்க்கவும் வைத்தது. 1930களில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்த நாட்டில், அண்மைக் காலத்தில் அவ்வெண் 40க்கும் கீழே இறங்கியிருப்பதற்கு இவ்வொழுங்கும் இலவச மருத்துவமனைகளும் முதன்மைக் காரணங்கள். உலகமே எடுத்துக்காட்டும் இச்சாதனையை வன்னியின் பெண்களும் அனுபவித்தனர். குருதிப்பெருக்கிலும் பேற்றுக் காய்ச்சலிலும் சாவது அருகியது. ஆயினும் உயிர் காப்பதை நோக்காகக் கொண்ட அமைப்பு, உயிர் பிழைத்த தாயின் வயிற்றுச் சுவரைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை. அம்மருத்துவத் தாதியின் இடத்தில் இன்று பணியாற்றும் குடும்பநல உத்தியோகத்தர் பேற்றின் பின் முதற் பத்து நாட்களில் இருமுறையும், பின்னர் இரண்டாம் மூன்றாம் வாரங்களுக்கு இடையிலும், 42ஆம் நாளை அண்டியும் வீட்டுக்கு வருகிறார். குருதிப்போக்கு, காய்ச்சல், தாய்ப்பால், குழந்தையின் எடை, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவையே அவரது வினாக்களில் முதலிடம் பெறுகின்றன. பழைய மருத்துவிச்சியோ மறைந்துவிட்டாள். அவள் கட்டிய துணி சில வீடுகளில் கடையில் வாங்கும் இடுப்புப் பட்டியாக மாறியது, பல வீடுகளில் இல்லாமலே போனது. துணி போன இடத்துக்குப் பயிற்சி வந்து சேரவில்லை.

போர் இந்த வெற்றிடத்தை அகலமாக்கியது. தொடர் இடப்பெயர்வுகளும் 2004இன் ஆழிப்பேரலையும் முல்லைத்தீவின் தாய்மாருக்கு 31 நாள் ஓய்வைப் பலமுறை மறுத்தன. 2009இன் முதல் மாதங்களில் அது முற்றாகவே அற்றுப்போனது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை எறிகணை வீச்சுக்குள்ளாகி, மருத்துவம் புதுமாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் தற்காலிகக் கட்டடங்களாக நகர்ந்த அந்நாட்களில், பதுங்குகுழிக்குள்ளும் தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் பிள்ளை பிறந்தது. பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சங்கக் கப்பல்கள் காயமடைந்தோரோடு கர்ப்பிணிகளையும் கடல்வழி ஏற்றிச் சென்றன. பெற்ற தாய் கைக்குழந்தையையும் மூத்த பிள்ளையையும் துணி மூட்டையையும் சுமந்துகொண்டு நடந்தாள், பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நின்றாள். அவளது உடல் கொண்ட சேதத்தை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணவில்லை, எண்ணியிருக்க வேண்டும்.

வடபகுதி மக்கள் இயன்மருத்துவத்தை அறிந்ததும் இந்தப் போரின் வழியாகத்தான். 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் முதலாகச் செயற்கைக் கால், ஊன்றுகோல், முள்ளந்தண்டு முறிவு, சக்கர நாற்காலி ஆகியவற்றோடு சேர்ந்த மருத்துவமாகவே அது அறிமுகமாயிற்று. தேவை அவ்வளவு பெரிதாக இருந்ததால் அம்முன்னுரிமை நியாயமானதே. அதன் விளைவாக, பிள்ளை பெற்ற பெண்ணும் இயன்மருத்துவரிடம் போகலாம் என்ற எண்ணம் ஊரில் வேரூன்றவில்லை.

இதற்கிடையில் உலகின் பிறவிடங்களில் அத்துறையின் அறிவு வேகமாக வளர்ந்திருந்தது. எலிசபெத் நோபிள் 1976இல் வெளியிட்ட நூல் கர்ப்பகாலப் பயிற்சிகளைத் தாய்மாருக்கே விளங்கும்படி எடுத்துச்சொன்னதோடு, விரலால் இடைவெளியை அறியும் சோதனையையும் பரப்பியது. 1996இல் அவுஸ்திரேலியாவில் ஹொட்ஜஸ், ரிச்சர்ட்சன் ஆகியோர், வயிற்றை உள்ளிருந்து பட்டி போலச் சுற்றி நிற்கும் குறுக்கு வயிற்றுத் தசை, கையை அசைப்பதற்குச் சற்று முன்னதாகவே இயல்பாகச் சுருங்கி முதுகைத் தாங்குவதையும், முதுகுவலியுள்ளோரில் அச்சுருக்கம் தாமதிப்பதையும் காட்டினர். மருத்துவிச்சி வெளியே கட்டிய துணியின் வேலையைச் செய்வதற்கு உடலுக்குள்ளேயே ஒரு தசை உண்டு என்பதும், அதனைப் பயிற்றலாம் என்பதும் இவ்வாறு தெளிவாயின. 2016இல் வெளியான நோர்வே ஆய்வொன்று முதற்பேற்றுத் தாய்மார் 300 பேரைத் தொடர்ந்து அவதானித்து, பேற்றின் பின் ஆறு வாரத்தில் 60 சதவீதத்தினரிடமும், ஆறு மாதத்தில் 45 சதவீதத்தினரிடமும், ஓராண்டில் 33 சதவீதத்தினரிடமும் பிரிவு இருந்ததாகப் பதிந்தது. பிரிவு உள்ளவர்களுக்கு முதுகுவலி கூடுதலாக இருக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அதே ஆண்டில் லீயும் ஹொட்ஜஸும், இடைவெளியின் அகலம் மட்டுமன்றி நடுப்பட்டை எவ்வளவு விறைப்பாக நின்று விசையைக் கடத்துகிறது என்பதும் முக்கியம் என்று வாதிட்டனர். பயிற்சியால் இடைவெளி முற்றாக மூடிவிடும் என்ற வாக்குறுதியை அண்மைய ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. தசையின் வலு கூடுகிறது, சரியாகச் செய்யும் வயிற்றுப் பயிற்சியால் பிரிவு மோசமாவதில்லை என்பனவே அவை தரும் முடிவுகள். துணிக்கட்டைப் பற்றியும் தீர்ப்பு நிதானமானது: முதற் சில வாரங்களில், குறிப்பாகச் சிசேரியன் செய்த தாய்க்கு, மிதமான கட்டு நடக்கவும் இருமவும் துணைநிற்கும், அது தசையை வளர்க்காது.

இவ்வறிவை வற்றாப்பளைக்குக் கொண்டுவர விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. தாய் பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, தலையை மட்டும் மெல்ல உயர்த்தும்போது, கொப்பூழுக்குச் சற்று மேலும் கீழும் விரல்களைக் குறுக்காக வைத்தால் இடைவெளி தெரியும்; இரண்டு விரலுக்கு மேற்பட்ட அகலமும், விரல் ஆழமாக அமிழ்வதும் கவனத்துக்குரியவை. சாதாரணப் பேறு பெற்றவர் முதல் நாட்களிலிருந்தே மூச்சை வெளிவிட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுப்பதையும், சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கித் தளர்த்துவதையும் தொடங்கலாம். சிசேரியன் செய்தவர் மருத்துவரின் ஆலோசனையோடு தொடங்க வேண்டும். மல்லாந்த நிலையில் இடுப்பைச் சற்றே சரித்தல், குதிக்காலைப் பாயில் வழுக்கி நீட்டி மடக்குதல் ஆகியன வாரங்கள் செல்லச் சேர்க்கப்படுகின்றன. ஆறு வாரங்களின் பின் பாரம் படிப்படியாகக் கூட்டப்படுகிறது. பாயிலிருந்து நேராக எழாமல் பக்கமாகச் சரிந்து கையை ஊன்றி எழும்புதல், வாளியைத் தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளிவிடுதல், நிறையத் தண்ணீரும் கீரையும் உட்கொண்டு மலச்சிக்கலைத் தவிர்த்தல் ஆகிய மூன்றும் நிலத்தில் படுத்துக் கிணற்றில் நீரள்ளும் ஊருக்குப் பயிற்சியைப் போலவே அவசியமானவை. கொப்பூழருகே அழுத்தினாலும் உள்ளே போகாத, வலிக்கின்ற கட்டி இருந்தால் அது குடலிறக்கமாக இருக்கக்கூடும். அதற்குப் பயிற்சி போதாது, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இச்சோதனையை ஒவ்வொரு தாயின் பாயருகேயும் செய்யக்கூடிய ஒரே அரச ஊழியர் குடும்பநல உத்தியோகத்தர். மருத்துவிச்சி நின்ற இடத்தில் இன்று நிற்பவரும் அவரே. ஆகவே முல்லைத்தீவின் சுகாதாரப் பணிமனைகள் 42ஆம் நாள் வருகையில் வயிற்றுச் சோதனையையும் ஒரு வினாவாகச் சேர்த்து, இடைவெளி குறையாத தாய்மாரை இயன்மருத்துவரிடம் அனுப்பும் ஒழுங்கை நிலைப்படுத்த வேண்டும். போர்க்காலத்தில் பிள்ளை பெற்று, கட்டும் ஓய்வும் இல்லாமல் சுமந்து நடந்த பெண்கள் இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். தசைப் பயிற்சிக்கு வயதெல்லை இல்லை என்பதால், அவர்களும் தங்கள் வயிற்றையும் முதுகையும் பற்றிக் கிளினிக்கில் தயங்காமல் கேட்க வேண்டும்.